முதல் ஆப்பிரிக்க வேட்டை: துப்பாக்கிக்கு முன்னால் தீர்க்க வேண்டியவை

1909 மார்ச் 23-ஆம் தேதி தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க்கில் கப்பலேறியபோது, அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. போன இடம் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கா. போன காரியம் வேட்டை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு உயிரின மாதிரிகள் சேர்ப்பது என்று அதற்கு ஓர் அறிவியல் முகமும் இருந்தது. அந்தப் பயணத்தின் சாமான் பட்டியலில் துப்பாக்கிகளைவிட என்னைக் கவர்ந்தது நான்கு டன் உப்பு. உரித்த தோலில் உடனே உப்பைத் தேய்க்காவிட்டால், அந்த வெயிலில் மயிர் கொட்டித் தோல் பாழாகிவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்தவர்கள், முகாமில் படிக்கப் பன்றித்தோல் அட்டை போட்ட ஐம்பது அறுபது புத்தகங்களையும் கட்டி எடுத்துப்போனார்கள். ரூஸ்வெல்ட்டும் மகன் கெர்மிட்டும் அந்தப் பயணத்தில் சுட்ட விலங்குகள் 512.

இன்று அப்படி யாரும் போவதில்லை. முதல் முறையாக ஆப்பிரிக்க வேட்டைக்குப் போகிறவர் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள் விடுப்பில் வந்த மருத்துவர், ஒப்பந்தக்காரர், பண்ணைக்காரர். அமெரிக்கா, ஜெர்மனி, ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களே அதிகம். நான்கைந்து விலங்குகளைச் சுட்டுவிட்டு ஊர் திரும்புவார். உப்பு மூட்டையை அவர் சுமக்க வேண்டியதில்லை. அதன் இடத்தைக் காகிதக் கட்டு பிடித்துக்கொண்டது. அழைப்புக் கடிதம், ஒப்பந்தம், துப்பாக்கி அனுமதி, ஏற்றுமதி அனுமதி, கால்நடைச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை என்று அது நீளும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை பழங்கதையாகிவிட்டது. ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் படித்து வளர்ந்த நமக்கு, உலகின் இன்னொரு பகுதியில் அது கட்டணப் பட்டியலும் ரசீதுமாக நடக்கும் தொழில் என்பதே வியப்புதான். பிடிக்கிறதோ இல்லையோ, அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அதை ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. முதல் பயணத்துக்கு ஒருவர் எப்படித் தயாராகிறார் என்று பார்த்தால் அந்தத் தொழிலின் உள்ளமைப்பு முழுவதும் வெளிச்சத்துக்கு வருகிறது. புதியவர்களுக்கான கையேடுகளில் பெரும்பகுதி துப்பாக்கியைப் பற்றியே பேசுகிறது. என் கருத்தில் அது கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். எந்த நிலத்தில், யாரோடு, எந்தச் சட்டத்தின் கீழ் என்பவை முடிவானால் துப்பாக்கி தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் நிலம். பழைய வேட்டைக் கதைகளின் தாய்வீடான கென்யா 1977-இல் வேட்டையை அடியோடு தடை செய்துவிட்டது. இன்று கதவு திறந்திருக்கும் நாடுகளில் தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, தான்சானியா, மொசாம்பிக், போட்ஸ்வானா ஆகியவை முக்கியமானவை. மேற்கே கேமரூனில் மழைக்காட்டு போங்கோ, டெர்பி எலண்ட் என்ற மான் வகைகளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு, அது முதல் பயணத்துக்கான இடமில்லை. இந்தப் பட்டியலை நிரந்தரம் என்று நம்பவும் கூடாது. போட்ஸ்வானா 2014-இல் தடை போட்டு 2019-இல் நீக்கியது. ஜாம்பியா 2013-இல் பெரும்பாலான வேட்டைப் பகுதிகளை மூடிவிட்டு, ஓரிரு ஆண்டுகளில் படிப்படியாகத் திறந்தது. முன்பணம் கட்டியபின் அரசு கொள்கை மாறினால் பணம் என்னவாகும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டிய முதல் வரி.

இந்த நாடுகளில் நில அமைப்பு ஒன்று போல் இல்லை. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். தென்னாப்பிரிக்காவில் வேட்டை பெரும்பாலும் தனியார் பண்ணைகளில் நடக்கிறது. 1991-இல் வந்த ஒரு சட்டம், முறையாக வேலி போட்ட நிலத்தில் இருக்கும் காட்டு விலங்கு நில உரிமையாளரின் சொத்து என்று உறுதி செய்தது. அதற்குப்பின் மாடும் ஆடும் மேய்ந்த ஆயிரக்கணக்கான பண்ணைகளில் குடு, இம்பாலா, நியாலா போன்ற மான் வகைகள் வளர்ந்தன. விலங்குக்கு விலை வந்ததால் விலங்கு பெருகியது என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. ஆனால் அதே சட்டம்தான் ஏலத்தில் வாங்கி லாரியில் கொண்டுவந்த கலைமானை அடுத்த வாரமே வெளிநாட்டுக்காரரிடம் சுடக் கொடுக்கும் பண்ணைகளுக்கும் வழி திறந்துவிட்டது. வேலி இருப்பதே குற்றமில்லை. இருபதாயிரம் ஹெக்டேர் பண்ணையில் விலங்கு வேலியைப் பார்க்காமலே வாழ்ந்து முடிக்கலாம். முந்நூறு ஹெக்டேரில் அப்படி முடியாது. ஆகவே பரப்பளவு எவ்வளவு, அந்த இனம் அங்கேயே குட்டி போட்டுப் பெருகுகிறதா, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதா என்று கேட்டே ஆக வேண்டும்.

நமீபியா வேறு வகை. அங்கேயும் தனியார் பண்ணைகள் உண்டு. அவற்றோடு 1996-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பொது நிலத்தில் வாழும் ஊர்மக்களுக்கும் காட்டுயிர் மீது உரிமை கொடுத்தது. எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியலும் குழுவும் வைத்துப் பதிவு செய்துகொள்ளும் ஊர்க் கூட்டமைப்பே அங்கே வேட்டை உரிமையை ஏலம் விடுகிறது. பணமும் இறைச்சியும் ஊருக்கு வரும். 1998-இல் முதல் நான்கு கூட்டமைப்புகள் பதிவாயின. இன்று எண்பதுக்கு மேல். அவற்றில் மூத்தது கிழக்கு எல்லையில் சும்க்வே ஊரைச் சுற்றியுள்ள நியே நியே. அங்கே வாழும் சான் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தடம் பார்த்து வேட்டையாடியவர்கள். வெளிநாட்டு வேட்டைக்காரருக்குத் தடம் காட்டப் போகிறவரும் அந்த ஊரின் பங்குதாரர்தான்.

தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகியவற்றில் இன்னும் வேலியில்லாப் பெருங்காடு இருக்கிறது. அரசு பிரித்துக் குத்தகைக்கு விடும் பகுதிகள் அவை. லுவாங்வா பள்ளத்தாக்கு, ஜாம்பெசிக் கரை, செலூஸ் என்ற பெயர்களைக் கேட்டாலே பழைய வேட்டை வாசகருக்குச் சிலிர்க்கும். செலவும் அதற்கேற்பச் சிலிர்க்க வைக்கும். தென்னாப்பிரிக்காவில் மான் இனங்களை மட்டும் குறிவைக்கும் ஒரு வாரப் பயணம், விமானக் கட்டணம் நீங்கலாக, ஏறக்குறைய ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் டாலரில் முடியும். எருமை வேண்டுமென்றால் அந்தத் தொகை இரண்டு மூன்று மடங்காகும். தான்சானியாவில் சிங்கம், சிறுத்தை என்று மூன்று வார உரிமத்தில் இறங்கினால் லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

கட்டணம் இரண்டு பகுதியாக வரும். நாள் வாடகை ஒன்று. அதில் தங்குமிடம், சாப்பாடு, வண்டி, ஆள்கூலி எல்லாம் அடக்கம். மற்றது விலங்குக்கான கட்டணம். இனத்துக்கு இனம் விலை. இம்பாலாவுக்குச் சில நூறு டாலர், குடுவுக்கு இரண்டாயிரம் மூவாயிரம். இங்கே ஒரு விதியை முன்பே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இரத்தம் சிந்தினால் பணம். காயம்பட்ட விலங்கு தப்பி ஓடிக் கிடைக்காமல் போனாலும் முழுக் கட்டணம் கட்டியாக வேண்டும், உரிமத்தில் அந்த இனத்தின் எண்ணிக்கையும் ஒன்று குறையும். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் இந்த விதி விலங்குக்கு நல்லது செய்கிறது. நிச்சயமில்லாத குறியை எடுக்க வந்த கை கொஞ்சம் தயங்கும். இவை போக, தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், சமையல்காரர் என்று எல்லாருக்கும் அன்பளிப்பு தருவது வழக்கம். எவ்வளவு என்று முகாமில் தயங்கித் தயங்கிக் கேட்பதைவிட, ஊரிலிருந்தே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது ஆள். இந்த நாடுகளில் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டுக்காரர் தனியாக வேட்டையாட முடியாது. உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் கூடவே இருக்க வேண்டும். முகாமில் அவரை எல்லாரும் பி.எச். என்றே அழைப்பார்கள். ஜிம்பாப்வேயில் அந்த உரிமத்துக்கான பயிற்சியும் தேர்வும் மிகக் கடுமையானவை என்று பெயர் பெற்றவை. எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, பல ஆண்டுப் பயிற்சி, காட்டிலேயே பல நாள் நடக்கும் செய்முறைத் தேர்வு எல்லாம் உண்டு. ஏற்பாடு செய்யும் நிறுவனத்தின் விளம்பரத் தாளைவிட இந்த ஒரு மனிதர் முக்கியம். எந்த விலங்கு வயதானது, எது இன்னும் கூட்டத்துக்கு வேண்டியது, எந்தக் குறியை விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். அவருடைய பெயரை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரை நம்பிப் போய், விமான நிலையத்தில் முன்பின் தெரியாத இளைஞர் கைகுலுக்க நிற்பதைக் கண்டவர்கள் பலர். அவரோடு முன்பு வேட்டையாடிய இரண்டு மூன்று பேரிடம் விசாரிப்பதும் அவசியம். விலங்கு கிடைக்காமல் திரும்பிய ஒருவர் அதில் இருந்தால் நல்லது. கிடைத்தவர் எல்லாரும் புகழத்தான் செய்வார்கள்.

ஒரு கேள்வியைப் பயணத்துக்கு முன்பே அவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் காயப்படுத்திவிட்டால் நீங்கள் எப்போது சுடுவீர்கள்? மான் என்றால் கேட்டுவிட்டுச் சுடுவார். எருமையோ சிறுத்தையோ என்றால் கேட்க நேரமிருக்காது. காயம்பட்ட எருமை புதருக்குள் நின்று, தன் தடத்தைப் பார்த்து வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் என்பது மிகையில்லை. எழுநூறு கிலோ எடையுள்ள விலங்கு அது. தன்மானம் பார்த்து, நானே முடிக்கிறேன் என்று அடம் பிடிப்பவரால் தடம் பார்ப்பவரின் உயிருக்குத்தான் முதலில் ஆபத்து. வரிசையில் முன்னால் நடப்பவர் அவர். அவர் கையில் பெரும்பாலும் ஒரு கம்பைத் தவிர எதுவும் இருக்காது.

இனித் துப்பாக்கி. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற தோட்டா 1912-இல் வந்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் ஆப்பிரிக்காவுக்கு ஒரே ஒரு துப்பாக்கி என்றால் அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். எருமை, யானை போன்ற ஆபத்தான விலங்குகளுக்குப் பல நாடுகளில் அதுவே சட்டப்படி குறைந்தபட்சம். நமீபியா தோட்டாவின் விட்டத்தைப் பார்க்காமல் அதன் ஆற்றலை அளக்கிறது: சிறு மான்களுக்கு 1,350 ஜூல், குடு, ஓரிக்ஸ் போன்றவற்றுக்கு 2,700, எருமை, யானைக்கு 5,400. மான் இனங்கள் மட்டும் என்றால் வீட்டில் இருக்கும் .30-06 தாராளமாகப் போதும். புதிதாக ஒரு பீரங்கியை வாங்கி, அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பதைவிடப் பழகிய துப்பாக்கி ஆயிரம் மடங்கு மேல். ‘கரமோஜோ’ பெல் என்று பெயரெடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் மௌசர் என்ற சிறிய தோட்டாவால் வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். அதே தோட்டாவுக்கு ரிக்பி நிறுவனம் .275 என்று பெயரிட்டது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த துப்பாக்கி அந்த .275 ரிக்பிதான். பெல்லைப் பார்த்து இன்று ஒருவர் சிறிய துப்பாக்கியோடு யானையிடம் போகக் கூடாது, சட்டமும் விடாது. ஆனால் எங்கே சுட வேண்டும் என்ற படிப்பு விட்டத்தைவிடப் பெரியது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

அந்தப் படிப்புதான் வட அமெரிக்க, ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் பலருக்கும் சறுக்குகிறது. அவர்கள் தங்கள் ஊர் மானில் தோளுக்குப் பின்னால், நடு உயரத்தில் குறி வைத்துப் பழகியவர்கள். ஆப்பிரிக்க விலங்குகளில் அங்கே சுட்டால் தோட்டா நுரையீரலின் பின்கோடியிலோ வயிற்றிலோ போய்விடும். பிறகு பொழுது சாயும் வரை இரத்தத் துளி தேட வேண்டியதுதான். விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்து என்பது பி.எச்.கள் அனைவரும் சொல்லும் பாடம். கெவின் ராபர்ட்சன் என்ற கால்நடை மருத்துவர் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தோலுக்குள் இதயமும் எலும்பும் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு இனத்துக்கும் படம் போட்டுக் காட்டும் அந்தப் புத்தகம் புதியவர் வாங்கும் விலையுயர்ந்த தொலைநோக்கியைவிடப் பயன் தரும்.

சுடும் முறையும் வேறு. அங்கே குப்புறப் படுத்தோ மேசையில் மணல் மூட்டை வைத்தோ சுட இடமிருக்காது. முழங்கால் உயரப் புல்லும் முள்ளும் நிறைந்த இடம். முன்னால் நடக்கும் தடம் பார்ப்பவர் சட்டென்று உட்காருவார். இடுப்பிலிருந்து சாம்பல் நிறைத்த சின்னத் துணிப்பையை எடுத்து ஒரு தட்டு தட்டுவார். சாம்பல் புகை எந்தப் பக்கம் போகிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள். காற்று சரியாக இருந்தால் பி.எச். தோளில் கிடக்கும் மூன்று கம்புகளை விரித்து முக்காலியாக நிறுத்துவார். மேல்முனையில் கம்புகளை ரப்பர் வளையம் கட்டியிருக்கும். அந்தக் கவட்டில் துப்பாக்கியை வைத்து, நின்றபடியே, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே சுட வேண்டும். நூறு மீட்டருக்கு அப்பால் இலைகளுக்கு இடையே ஒரு குடுவின் தோள் மட்டும் தெரியும். நேரம் சில நொடிகள்தான். இந்த முக்காலியில் நின்று சுடும் பழக்கம் மட்டும் ஊரிலேயே வந்துவிட்டால் முதல் பயணத்தின் பாதிக் கவலை தீர்ந்தது. அதுபோன்ற மூன்று கம்புகளை வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். சில மாதம் முன்பிருந்தே, ஓடிப்போய் மூச்சிரைக்க நின்று, பத்து நொடிக்குள் ஒரு தோட்டா என்று பழகினால் போதும். கலஹாரி, கரூ போன்ற திறந்த வெளியில் இருநூறு முந்நூறு மீட்டர்களும் வரும். அந்தத் தூரத்தில் முக்காலியில் நம்மால் முடியுமா என்பது வேட்டைக்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துப்பாக்கியைக் கொண்டுபோகும் காகிதவேலை தனிப் படலம். தென்னாப்பிரிக்காவுக்குள் தற்காலிகமாகக் கொண்டுவர எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற காவல்துறைப் படிவம் வேண்டும். கறுப்பு மையில் நிரப்ப வேண்டும், அதிகாரியின் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். அழைப்புக் கடிதமும் துப்பாக்கி உங்களுடையதுதான் என்பதற்கான சான்றும் கூடவே இருக்க வேண்டும். ஒரே தோட்டா அளவில் இரண்டு துப்பாக்கிகள் விடமாட்டார்கள். தானியங்கி, அரைத்தானியங்கி வகைகளுக்கும் இடமில்லை. தோட்டாவை விமான நிறுவனங்கள் வழக்கமாக ஐந்து கிலோ வரை, துப்பாக்கியிலிருந்து பிரித்துப் பூட்டிய பெட்டியில்தான் ஏற்றும். வழியில் எந்த நாட்டு விமான நிலையத்தில் மாறுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. சில இடங்களில் அங்கே இறங்காவிட்டாலும் அனுமதி கேட்பார்கள். இவ்வளவு அலைச்சலும் வேண்டாம் என்று முகாமிலேயே வாடகைத் துப்பாக்கி எடுப்பவர்கள் அதிகமாகி வருகிறார்கள். முதல் பயணத்துக்கு அது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். எப்படியானாலும் முகாமில் இறங்கிய முதல் மாலையே இலக்குப் பலகையில் இரண்டு மூன்று தோட்டா சுட்டுச் சரிபார்க்காமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. விமானத்தில் அடிபட்ட குறிநோக்கி நேராக இருக்கும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை.

உடல் நலத்தைக் கையேடுகள் ஒரு பக்கத்தில் முடித்துவிடும், ஆனால் அது அவ்வளவு சின்ன விஷயமில்லை. 1934-இன் தொடக்கத்தில் டாங்கனிகாவில் (இன்றைய தான்சானியா) வேட்டையாடிக்கொண்டிருந்த எர்னஸ்ட் ஹெமிங்வே அமீபா சீதபேதியில் விழுந்து, சிறிய விமானத்தில் ஏற்றி நைரோபிக்குக் கொண்டுபோகப்பட்டார். கிளிமஞ்சாரோவின் பனியைப் பற்றிய அவருடைய கதையில் வரும் விமானத்துக்கு அந்த வயிற்றுப்போக்கும் ஒரு காரணம். இன்றும் மருத்துவமனை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். அவசர விமானத்துக்கான காப்பீடு இல்லாமல் போகக் கூடாது. மலேரியா இல்லாத வேட்டைப் பகுதிகளும் உண்டு; தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் அப்படிப்பட்டது. ஜாம்பெசிப் பள்ளத்தாக்கு அப்படியில்லை. அங்கே மாத்திரை கட்டாயம். மெஃப்ளோகுயின் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவும் பதற்றமும் தரும். கையில் துப்பாக்கி ஏந்தப் போகிறவர் அதை மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து கேட்பது நல்லது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து இந்தியா திரும்புகிறவர் தடுப்பூசிச் சான்றிதழ் காட்டாவிட்டால் ஆறு நாள் தனிமையில் இருக்க வேண்டியிருக்கும். அந்த ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். காட்டைப் பார்க்க மட்டும் போகிற நம்மூர்ச் சுற்றுலாப் பயணிக்கும் இது பொருந்தும்.

துணிமணியில் சில விஷயங்கள். கடிக்கும் செட்ஸி ஈ நீல நிறத்தைத் தேடி வரும்; அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலமும் கறுப்புமான துணியில்தான் தைக்கிறார்கள். ஆகவே ஜீன்ஸை ஊரிலேயே வைத்துவிடலாம். ராணுவப் புள்ளிச் சட்டையும் வேண்டாம். ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் ராணுவத்தினர் அல்லாதவர் அதை அணிவது சட்டவிரோதம். மங்கிய பச்சை, காக்கி போதும். முகாமில் தினமும் துவைத்துத் தருவார்கள் என்பதால் மூன்று செட்டுக்கு மேல் சுமக்க வேண்டியதில்லை. உள்ளாடை வரைக்கும் இஸ்திரி போட்டுத் தருவதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஈரத் துணியில் முட்டையிடும் ஒரு வகை ஈ உண்டு, முட்டை பொரித்தால் புழு தோலுக்குள் போய்விடும். சூடு அதைக் கொன்றுவிடும். வேட்டைக்காலம் பொதுவாக மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட குளிர்காலம். கலஹாரியில் விடியற்காலையில் தண்ணீர் உறையும். மேல்திறந்த வண்டியில் போகும்போது கம்பளிக் குல்லாய் இல்லாதவர் அழுதேவிடுவார். எருமைத் தடத்தில் போனால் ஒரு நாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடை சாதாரணம். பழகாத புதுக் காலணியோடு போகிறவர் இரண்டாம் நாளே வண்டியில் உட்கார்ந்துவிடுவார்.

சுட்டபின் நடப்பவை மெதுவாக நகரும். இறைச்சி அங்கேயே தங்கிவிடும். முகாமின் அடுப்புக்கும் ஊருக்கும் போகும், வேலியிட்ட பண்ணையில் என்றால் விற்பனைக்கும் போகும். தோலும் கொம்பும் உப்பிட்டு, கிருமி நீக்கி, பெட்டியில் அடைத்து வருவதற்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். பாடம் செய்து சுவரில் மாட்ட இன்னொரு வருடம். அதற்குள் உங்கள் நாட்டுச் சட்டம் மாறியிருக்கலாம். சிறுத்தை, உலகக் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. சில ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும் ஆண்டு ஒதுக்கீடு உண்டு. தென்னாப்பிரிக்காவுக்கு 150 என்று இருந்தும், 2016-இலும் 2017-இலும் அந்நாட்டு அரசு அதைப் பூஜ்யமாக வைத்தது. பிரான்ஸும் ஆஸ்திரேலியாவும் 2015-இல் சிங்கத் தோலுக்குக் கதவடைத்தன. நெதர்லாந்து மறு ஆண்டு இருநூறுக்கு மேற்பட்ட இனங்களுக்குத் தடை போட்டது. சில விமான நிறுவனங்களும் 2015 முதல் பெரும் விலங்குகளின் தோல், தந்தத்தை ஏற்றுவதில்லை.

2015-இல் இந்த எதிர்ப்பைப் பெரிதாக்கியது செசில். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டித் தொடர்ந்து கவனித்துவந்த ஆண் சிங்கம் அது. 2015 ஜூலையில் பூங்காவுக்கு வெளியே அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவர் அதைக் கொன்றதும் உலகமே கொதித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நமீபியாவில் ஒரு வயதான கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி டல்லாஸ் ஏலத்தில் 3,50,000 டாலருக்குப் போயிருந்தது.

வேட்டை காட்டுயிரைக் காக்கிறதா அழிக்கிறதா என்ற விவாதத்தில் இரு தரப்பும் புள்ளிவிவரத்தைத் தனக்கு வேண்டிய இடத்தில் வெட்டிக் கொடுக்கின்றன. தடை போட்ட கென்யாவில் 1977-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் காட்டுயிர் எண்ணிக்கை சராசரியாக மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதை வேட்டை ஆதரவாளர்கள் சுட்டுகிறார்கள். வேட்டைப் பணம் பாதுகாப்பதாகச் சொல்லப்பட்ட தான்சானியாவின் செலூஸில் 1970-களில் லட்சத்தைத் தொட்ட யானைகள் 2013-இல் பதின்மூன்றாயிரமாகக் குறைந்தன என்று எதிர்ப்பாளர்கள் பதில் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. கென்யாவில் மக்கள்தொகையும் மேய்ச்சலும் வறட்சியும் சேர்ந்தன. செலூஸில் தந்தக் கொள்ளையர்களைத் தடுக்க ஆளும் இல்லை, நேர்மையும் இல்லை. வேட்டை இருந்ததா இல்லையா என்பதைவிட, அந்த நிலத்தில் வாழ்பவருக்கு விலங்கு உயிரோடு இருப்பதில் ஏதாவது லாபம் இருந்ததா என்பதே தீர்மானித்தது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் யானைகள் பயிரை மிதிக்கும் போட்ஸ்வானாவின் அன்றைய ஜனாதிபதி மசீசி, 2024-இல் இறக்குமதிக் கட்டுப்பாடு பற்றிப் பேசிய ஜெர்மனிக்கு இருபதாயிரம் யானைகளை அனுப்பிவைக்கிறேன் என்றார். கேலிதான். ஆனால் யானைக்கு அருகில் வாழாதவர்கள் சட்டம் போடுகிறார்கள் என்ற கோபம் அதில் உண்மையானது.

வேட்டையை ஏற்கிறவர்களுக்குள்ளும் ஒரு கோடு உண்டு. சிங்கத்தின் மூக்கு வயதாக ஆகக் கறுக்கிறது. செரங்கெட்டியில் பல ஆண்டு ஆய்வு செய்த கிரேக் பேக்கரும் சகாக்களும் 2004-இல் இதைப் பயன்படுத்தி ஒன்றைச் சொன்னார்கள்: குட்டிகளை வளர்த்து முடித்த, ஐந்தாறு வயதைத் தாண்டிய ஆண்களை மட்டும் சுட்டால் கூட்டத்தின் எண்ணிக்கை பாதிக்காது. இளம் ஆணைச் சுட்டால் புதிதாக வரும் ஆண் பழைய குட்டிகளைக் கொன்றுவிடும். தொலைநோக்கியில் ஒரு சிங்கத்தின் மூக்கைப் பார்த்து, இளஞ்சிவப்பு அதிகம் என்று துப்பாக்கியைத் தாழ்த்தும் பி.எச். இந்தத் தொழிலுக்குக் கொஞ்சம் மரியாதை சேர்க்கிறார். இதன் எதிர்முனையில் இருப்பது கூண்டில் வளர்த்த சிங்கம். குட்டியாக இருக்கும்போது சுற்றுலாப் பயணிகளின் மடியில் கொஞ்சவிட்டு, வளர்ந்தபின் வேலிக்குள் சுடக் கொடுக்கும் தென்னாப்பிரிக்கப் பண்ணைகளின் வியாபாரம். அந்நாட்டுத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கம் 2015-இல் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 2017-இல் அதிலிருந்து பின்வாங்கியதும் சங்கமே உடைந்தது. 2021-இல் இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டுவதாக அரசு அறிவித்தது. விலை மலிவு, சிங்கம் நிச்சயம் என்று விளம்பரம் வந்தால் அது எந்தச் சிங்கம் என்று புதியவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன் நான்கே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். நிலத்தின் பரப்பு எவ்வளவு, அது யாருடையது? நான் சுடப்போகும் விலங்கு அங்கேயே பிறந்து வளர்ந்ததா? என்னோடு வரும் பி.எச். யார், அவருடைய உரிம எண் என்ன? இறைச்சியும் பணமும் எந்த ஊருக்குப் போகின்றன? நல்ல ஏற்பாட்டாளர் நான்குக்கும் ஒரே நாளில் பதில் எழுதிவிடுவார். பதில் மழுப்பலாக வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.